வெளிநாட்டுச் சந்தையில் இறங்கும் நிறுவனத்துக்கு எந்த மேலாண்மைக் கணக்கு முறை பொருந்தும்?

ஒரு நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் துணை நிறுவனத்தைத் தொடங்கி ஓராண்டு முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் நிறுவனம் தயாரிக்கும் பொருளைத் துணை நிறுவனம் இறக்குமதி செய்து, அங்குள்ள கடைகளுக்கு அலகுக்கு 90 என்ற விலைக்கு விற்கிறது. ஆலையில் அந்தப் பொருளுக்கு ஆகும் மாறும் செலவு, அதாவது உற்பத்தி கூடக் கூடக் கூடும் செலவு, 40. ஆலையின் நிலையான செலவில் அதன் தலையில் விழும் பங்கு 15. தாய் நிறுவனம் அதைத் துணை நிறுவனத்துக்கு 60-க்கு விற்கிறது. கப்பல் கட்டணமும் காப்பீடும் 5, அதையும் சேர்த்து வரும் 65-இன் மீது 10 சதவீதச் சுங்க வரி 6.5, உள்ளூர்க் கிடங்கும் விநியோகமும் 14, தள்ளுபடியும் திரும்பி வரும் சரக்கும் 6. எளிமைக்காக எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் சொல்லியிருக்கிறேன்.

துணை நிறுவனத்தின் ஏட்டில் மொத்தச் செலவு 91.5; ஆகவே அலகுக்கு 1.5 நட்டம். தாய், துணை இரண்டும் சேர்ந்த குழுமம் முழுவதையும் ஒரே நிறுவனமாகக் கருதி, நிலையான செலவின் பங்கையும் சேர்த்த முழு அடக்கவிலையில் பார்த்தால் செலவு 86.5, இலாபம் 3.5. மாறும் செலவுகளை மட்டும் கழித்தாலோ ஒவ்வோர் அலகும் 18.5 பங்களிப்பாகத் தருகிறது. அந்நாட்டு மேலாளர் தோற்றுவிட்டார் என்று முதல் எண் சொல்கிறது. தட்டுத் தடுமாறி நிற்கிறோம் என்று இரண்டாவது சொல்கிறது. இன்னும் வேகமாக விற்க வேண்டும் என்று மூன்றாவது சொல்கிறது. மூன்று எண்களிலும் கூட்டல் பிழை ஏதும் இல்லை. சந்தையில் தொடர்வதா, விலையைக் குறைத்துப் பரவுவதா, கடையைக் கட்டுவதா என்ற முடிவுக்கு எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தர வேண்டியது மேலாண்மைக் கணக்கியல். நிதிக் கணக்கியல் முதலீட்டாளருக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்வதற்காக ஏற்பட்டது. இந்தக் கேள்வியை அதனிடம் கேட்பதே பொருந்தாது.

வெளிநாட்டுக்குப் போகும்போது எந்தக் கணக்கு முறையை உடன் கொண்டுபோவது என்ற பேச்சு பெரும்பாலும் எந்த மென்பொருளை வாங்குவது என்ற பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. மென்பொருள் விற்பவர்களுக்கு அது வசதி. நான் இங்கே வேறோர் உரைகல்லை வைத்துத் தெரிவுகளை ஒப்பிடுகிறேன்: வெளிநாட்டுப் பிரிவின் மாத முடிவை, அங்குள்ளவர்களின் உழைப்பால் வந்தது, நாணய மாற்றத்தால் வந்தது, குழுமத்துக்குள் வைத்த விலையால் வந்தது, தலைமையகம் சுமத்திய செலவால் வந்தது என நான்காகப் பிரித்துக் காட்ட அந்த முறையால் முடிகிறதா? முடியாத முறை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் முடிவெடுக்க உதவாது.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வெளிநாட்டு விநியோகஸ்தருக்குச் சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நிலையில் உள்ள நிறுவனத்துக்குப் புதிய முறை எதுவும் தேவையில்லை. வாடிக்கையாளர் வாரியாகப் பங்களிப்பைக் காட்டும் ஓர் எக்செல் தாளும், விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் சர்வதேச வர்த்தக விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இன் 11 விதிகளுள் எதன்படி விற்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தச் செலவு யார் தலையில் என்று சொல்லும் பட்டியலும் போதும். ஆலை வாசலில் ஒப்படைக்கும் விலையையும், சுங்கம் கட்டி வாடிக்கையாளரின் கிடங்கில் இறக்கும் விலையையும் ஒரே நிரலில் போட்டு ஒப்பிடுவதுதான் இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. சொந்தச் சரக்கிருப்பும் சொந்த ஊழியர்களும் அந்நாட்டில் இருக்கத் தொடங்கும்போதுதான் பின்வரும் தெரிவுகள் பொருள்படும்.

நீட்டுவதா, விட்டுவிடுவதா, இரண்டடுக்கா

முதல் வழி, தலைமையகத்தின் முறையை அப்படியே வெளிநாட்டுக்கு நீட்டுவது. அதே கணக்குத் தலைப்புகள், அதே திட்ட அடக்கவிலை (முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் அலகுச் செலவு), அதே ஈஆர்பி (எல்லாத் துறைகளையும் இணைக்கும் நிறுவன மென்பொருள்), அதே மாத இறுதி அட்டவணை. பத்து நாடுகளில் ஒரே பொருளை ஒரே விதமாக விற்கும் நிறுவனத்துக்கு இதன் பயன் பெரிது: எந்த நாட்டில் கிடங்குச் செலவு கூடுதல், எங்கே தள்ளுபடி எல்லை மீறுகிறது என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2009 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 8 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை, நிறுவனத்தின் தலைமை முடிவெடுப்பவர் உள்ளுக்குள் எந்தப் பிரிவுகளாகப் பார்க்கிறாரோ அந்தப் பிரிவுகளையே வெளியாருக்கும் காட்டச் சொல்கிறது. உள் அறிக்கை ஒழுங்கற்றிருந்தால் அந்த ஒழுங்கின்மை வெளி அறிக்கையிலும் தெரியும்.

ஆனால் தலைமையக முறை தலைமையக நாட்டின் வணிகத்தைப் பார்த்து வளர்ந்தது. சொந்த நாட்டில் நேரடியாகக் கடைகளுக்கு விற்ற நிறுவனம், புதிய நாட்டில் இரண்டடுக்கு மொத்த வியாபாரிகள் வழியாக விற்க நேரலாம். அப்போது மொத்த வியாபாரிக்குத் தரும் ஆண்டிறுதி ஊக்கத்தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அந்தப் பட்டியலில் இடமே இருக்காது. 'இதர விற்பனைச் செலவு' என்ற தலைப்பில் அது போய் விழும். அந்நாட்டின் மிகப் பெரிய விற்பனைச் செலவு அறிக்கையில் 'இதர' என்ற பெயரில் மறைந்துகிடக்கும். சில நாடுகளில் சட்டமே கணக்குத் தலைப்புகளை வகுத்துவிடுகிறது. பிரான்ஸ் அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அங்கே தலைமையகப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

இரண்டாம் வழி, உள்ளூர் முறையை அதன் போக்கில் விட்டுவிட்டு, மாதந்தோறும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்வது. உள்ளூர் நிறுவனத்தை விலைக்கு வாங்கி நுழைபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். செலவு குறைவு, உடனே தொடங்கலாம், அங்குள்ளவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். குறை எங்கே என்றால், படிவத்தில் வரும் எண்ணுக்குப் பின்னால் போக வழியில்லை. மொத்த இலாப விகிதம் 31-இலிருந்து 27-க்கு இறங்கியிருக்கிறது. காரணம் என்ன என்று மின்னஞ்சல் போகிறது. 'விற்பனைக் கலவை மாற்றம்' என்று மூன்று நாள் கழித்து இரண்டு சொல்லில் பதில் வருகிறது. எந்தப் பொருள், எந்த வாடிக்கையாளர் என்பது அந்த நாட்டின் மடிக்கணினியிலேயே இருந்துவிடுகிறது. மேலே சொன்ன நான்கு பிரிவுகளில் ஒன்றைக்கூட இந்த வழியில் நம்பிக்கையோடு பிரித்தெடுக்க முடிவதில்லை.

மூன்றாம் வழி இரண்டடுக்கு. பேரேடு, வரி, சம்பளம், சட்ட அறிக்கைகள் எல்லாம் உள்ளூர் முறையில். அதற்கு மேலே, எல்லா நாடுகளுக்கும் பொதுவான மெல்லிய மேலாண்மை அடுக்கு. 'மெல்லிய' என்பதுதான் இங்கே முக்கியம். பொருள் குறியீடு, வாடிக்கையாளர் வகை, விற்பனைத் தடம், பத்துப் பதினைந்து செலவுத் தலைப்புகள் ஆகியவை மட்டும் பொதுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் இந்தக் குறியீடுகளோடு மேலே வர வேண்டும். தொகை மட்டும் வந்தால் இரண்டாம் வழியின் குறைதான் மிஞ்சும்.

என் கணிப்பில், ஒன்று முதல் ஐந்து நாடுகள் வரை விரிக்கும் நிறுவனங்களுக்கு மூன்றாவதே பொருந்தும். நாடுகள் பெருகி, பொருளும் விற்பனை முறையும் எங்கும் ஒன்றாக இருந்தால் முதல் வழிக்கு நகரலாம். விலைக்கு வாங்கிய நிறுவனத்தை ஓரிரு ஆண்டுகளில் மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவதே போதும். ஆயினும் மூன்றாவது வழியின் விலை மென்பொருளில் இல்லை. பொருள் குறியீடு, அளவு, அடக்கவிலை ஆகிய அடிப்படைத் தரவுகளைச் சரியாக அமைக்கும் உழைப்பில் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பவர்கள் டார்கெட் நிறுவனத்தின் கனடா அனுபவத்தைப் படிக்கலாம். 2011-இல் அங்குள்ள மற்றொரு சங்கிலிக் கடையின் குத்தகைகளை வாங்கி, 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்த அந்த அமெரிக்க நிறுவனம், தன் சொந்த நாட்டு மென்பொருள் கனடிய டாலருக்கும் பிரெஞ்சு எழுத்துகளுக்கும் ஏற்றதாக இல்லாததால் புதிய மென்பொருளை நிறுவியது. பொருள் தரவுகளை அவசரத்தில் உள்ளிட்டபோது அளவுகளும் பிற விவரங்களும் பெருமளவில் பிழையாகப் பதிவாயின. கிடங்கில் சரக்கு குவிந்துகிடக்க, கடை அலமாரிகள் காலியாக இருந்தன. 133 கடைகளையும் மூடி வெளியேறுவதாக 2015 ஜனவரி 15 அன்று அறிவித்தார்கள். அந்தத் தோல்விக்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு. ஆனால் தன் சரக்கு எங்கே இருக்கிறது என்பதே தெளிவாகத் தெரியாத நிறுவனத்தில் அலகுப் பங்களிப்பு பற்றிப் பேச இடமேது?

நாணயம்: யாருடைய நட்டம்?

அதே 2015 ஜனவரி 15 அன்றுதான், யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த எல்லையைச் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. 1.20-ஐ வைத்து 2014 இறுதியில் பட்ஜெட் போட்டு முடித்திருந்த நிறுவனங்களுக்கு, ஆண்டு தொடங்கிய இரண்டே வாரத்தில் அந்த பட்ஜெட் ஒப்பீட்டுக்கே பயன்படாமல் போயிற்று. விற்பவரின் திறமைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அவருடைய அறிக்கையில்தான் அது வந்து நின்றது.

நம் எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். வெளிநாட்டு நாணயம் 10 சதவீதம் வீழ்ந்தால், 90-க்கு விற்றது தாய் நாட்டு நாணயத்தில் 81 ஆகிறது. உள்ளூரில் செலவாகும் 20 (விநியோகம் 14, தள்ளுபடி 6) மட்டும் 18 ஆகக் குறைகிறது. கொள்முதல், கப்பல், சுங்கம் ஆகியவை தாய் நாட்டு நாணயத்தைப் பின்பற்றுவதால் அப்படியே நிற்கின்றன. துணை நிறுவனத்தின் நட்டம் 1.5-இலிருந்து 8.5-க்குப் போகிறது, குழுமத்தின் பங்களிப்பு 18.5-இலிருந்து 11.5-க்கு இறங்குகிறது. அலகுக்கு 7 போயிற்று. இதை யார் கணக்கில் எழுதுவது?

டொனால்ட் லெசார்ட், பீட்டர் லோராஞ்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் இந்தக் கேள்வியை ஒரு கட்டத்துக்குள் அடக்கிக் காட்டினார்கள். பட்ஜெட் போடும்போது அன்றைய நாணய மாற்று விகிதம் (தொடக்க விகிதம்), எதிர்பார்க்கும் விகிதம், காலமுடிவில் நிலவிய விகிதம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். சாதனையை அளக்கும்போதும் அதே மூன்றில் ஒன்று. ஆக ஒன்பது சேர்க்கைகள். அவற்றில் பொருளுள்ளவை ஐந்து. அந்த ஐந்திலும் நடைமுறையில் மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

பட்ஜெட்டுக்குத் தொடக்க விகிதம், சாதனைக்குக் காலமுடிவு விகிதம் என்றால், நாணய வீழ்ச்சி முழுவதும் நாட்டு மேலாளரின் தலையில் விழுகிறது. வருங்கால நாணய மாற்று விகிதத்தை இன்றே உறுதி செய்துகொள்ளும் முன்பேர ஒப்பந்தம் போடும் அதிகாரமும் அதற்கான கருவிகளும் இருந்தால் இது நியாயம். பெரும்பாலும் அவருக்கு அது இருப்பதில்லை. இருந்தாலும், ஒவ்வொரு நாட்டு மேலாளரும் தனித்தனியாக நாணயக் காப்பு வாங்கினால் குழுமம் ஒரே அபாயத்துக்கு இரண்டு முறை கட்டணம் செலுத்தும், சில சமயம் ஒன்றையொன்று ஈடுசெய்யும் அபாயங்களுக்கும் செலுத்தும். இரண்டுக்கும் தொடக்க விகிதமே என்றால் நாணயம் அறிக்கையிலிருந்தே மறைந்துவிடுகிறது. மேலாளர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் விலையை 4 சதவீதம் ஏற்றுவதா, உள்ளூரில் பொட்டலமிட்டுச் செலவைக் குறைப்பதா என்று அவர் யோசிக்க வேண்டிய நேரத்திலும் தூங்குவார். இரண்டுக்கும் எதிர்பார்க்கும் விகிதமே என்பது மூன்றாவது: தலைமையகத்தின் நிதித் துறை வங்கியைப் போல நின்று, இந்த ஆண்டு உனக்கு இந்த விகிதம் என்று உறுதி தருகிறது, அதிலிருந்து நடப்பு விகிதம் விலகினால் அந்த இலாப நட்டம் நிதித் துறையுடையது.

மூன்றாவதே சிறந்தது என்பது என் கருத்து. லெசார்டும் லோராஞ்சும் அதன் பக்கமே சாய்ந்தார்கள். ஆனால் ஒரு திருத்தத்தோடு: உறுதி செய்த விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை அல்லாமல் காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு காலாண்டுக்குள் விற்பனையாளரால் விலைப்பட்டியலை மாற்ற முடியாது, ஆகவே அந்த அதிர்ச்சியை அவர் தாங்க வேண்டியதில்லை. அடுத்த காலாண்டிலோ மாற்ற முடியும், ஆகவே மாற்றினாரா என்று கேட்கலாம்.

பணவீக்கம் தலைவிரித்தாடும் நாடுகளில் இதுவும் போதாது. மூன்றாண்டுக் கூட்டுப் பணவீக்கம் 100 சதவீதத்தை நெருங்கினாலோ தாண்டினாலோ மிகைப் பணவீக்கத்துக்கான அறிகுறி என்று ஐஏஎஸ் 29 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை கொள்கிறது. அர்ஜென்டினா 2018-இலிருந்தும் துருக்கி 2022-இலிருந்தும் அந்த வகையில் வந்தன. அங்கே விற்பனை 60 சதவீதம் வளர்ந்தது என்ற வரிக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. எத்தனை அலகு விற்றோம், விற்ற சரக்கை மறுபடி வாங்க இன்று என்ன விலை, கடன் கொடுத்த பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே வைக்கும் அறிக்கைதான் அங்கே உதவும்.

குழுமத்துக்குள் வைக்கும் விலை

துணை நிறுவனத்துக்கு 60-க்கு விற்ற பொருளை 56-க்கு விற்பதாகத் தலைமையகம் முடிவு செய்கிறது என்று கொள்வோம். சுங்கம் 6.1 ஆகிறது, மொத்தச் செலவு 87.1, அலகுக்கு 2.9 இலாபம். நேற்று வரை நட்டம் காட்டிய மேலாளர் இன்று சாதனையாளர். அவர் எதையும் மாற்றவில்லை. குழுமத்துக்குக் கிடைத்தது சுங்கத்தில் மிச்சமான 0.4 மட்டுமே.

இந்த உள்மாற்று விலையை நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துவிட முடியாது. தொடர்பில்லாத இருவர் பேசி வைக்கும் விலையைப் போலவே அது இருக்க வேண்டும் என்பது பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1995-இல் வெளியிட்டு, கடைசியாக 2022-இல் தொகுத்துப் பதிப்பித்த வழிகாட்டுதல்களின் அடிப்படை. ஒப்பிடத்தக்க விற்பனையின் விலை, மறுவிற்பனை விலை, அடக்கவிலையுடன் இலாபம், பரிவர்த்தனையின் நிகர இலாப விகிதம், இலாபப் பங்கீடு என்று ஐந்து முறைகளை அது ஏற்கிறது. விலை கூடினால் இறக்குமதி நாட்டின் வருமான வரித் துறை கேள்வி கேட்கும். குறைந்தால் அதே நாட்டின் சுங்கத் துறையும் ஏற்றுமதி நாட்டின் வருமான வரித் துறையும் கேட்கும். ஒரே நாட்டின் இரு துறைகள் எதிரெதிர்த் திசையில் இழுப்பது இந்தத் துறையின் வாடிக்கையான வேடிக்கை. ஆண்டுக் கூட்டு வருவாய் 75 கோடி யூரோவை எட்டும் குழுமங்கள் நாடு வாரியாக வருவாய், இலாபம், வரி, ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனி அறிக்கையாகத் தரும் கடமை 2016-இல் தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து பல நாடுகளில் வந்துவிட்டது. அதே அளவுள்ள குழுமங்களுக்குத்தான் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி விதிகளும். குறைந்த வரியுள்ள நாட்டில் இலாபத்தை ஒதுக்கும் பழைய கணக்குகள் இப்போது முன்போலப் பலன் தருவதில்லை.

இங்கே தெரிவு இரண்டு: வரிக்கு வைத்த விலையையே மேலாளரை அளக்கவும் பயன்படுத்துவது, அல்லது மேலாண்மைக்குத் தனி விலை வைப்பது. இரண்டு விலை வைத்தால் வரி அதிகாரி உள் அறிக்கையைக் கேட்டு வாங்கி, 'உங்கள் உண்மையான விலை இதுதானே' என்று கேட்பார் என்று வரி ஆலோசகர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் ஒரே விலையில் நின்றால் மேலாளர்கள் வரி ஏற்பாட்டுக்காகப் பாராட்டும் தண்டனையும் பெறுகிறார்கள். இதற்கு மூன்றாவது வாசல் ஒன்று உண்டு, அதையே நான் பரிந்துரைப்பேன்: விலை ஒன்றே இருக்கட்டும், ஆனால் நாட்டு மேலாளரின் அறிக்கையில், துணை நிறுவனத்தின் இலாபத்துக்குக் கீழே, அந்தச் சந்தையால் குழுமத்துக்கு வந்த பங்களிப்பையும் அதே பக்கத்தில் காட்டி, ஊக்கத்தொகையைப் பின்னதோடு இணைப்பது. இரண்டாவது விலை என்று எதுவும் இல்லை. ஆலையின் மாறும் செலவு மட்டுமே கூடுதலாக ஒரு வரி.

முழு அடக்கவிலையா, பங்களிப்பா

நுழையும் விலையைத் தீர்மானிக்கும்போது பங்களிப்பின் ஈர்ப்பு பெரிது. ஆலையில் திறன் சும்மா கிடக்கிறது, அலகின் மொத்த மாறும் செலவான 71.5-க்கு மேல் எந்த விலை கிடைத்தாலும் இலாபம்தானே என்று விற்பனைத் துறை சொல்லும். குறுகிய காலத்தில் அது சரியே. இரண்டு இடத்தில் அது உதைக்கும்.

முதலாவது, சட்டம். சொந்த நாட்டில் விற்கும் விலையை விடக் குறைவாக ஏற்றுமதி செய்வதை உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் குவிப்பு என்கிறது. அதனால் இறக்குமதி நாட்டின் உற்பத்தியாளர்களுக்குப் பாதிப்பு என்று நிறுவப்பட்டால் குவிப்புத் தடுப்பு வரி வரும். சொந்த நாட்டு விலையைக் கொண்டு ஒப்பிட முடியாத நிலையில், உற்பத்திச் செலவோடு நியாயமான நிர்வாக, விற்பனைச் செலவுகளையும் இலாபத்தையும் கூட்டி இயல்பு மதிப்பைக் கட்டமைக்கிறார்கள். அதாவது விசாரணை அதிகாரி கையில் எடுப்பது முழு அடக்கவிலையை, பங்களிப்பை அல்ல. வேறுபாடு ஏற்றுமதி விலையில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விசாரணை கைவிடப்படும். ஆகவே விலையைப் பங்களிப்பில் முடிவு செய்யும் நிறுவனமும் முழு அடக்கவிலைக் கணக்கைத் தணிக்கைக்குத் தாங்கும் தரத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, காலம். சரக்கு கப்பலிலும் கிடங்கிலும் 60 நாள், கடைக்காரருக்கு 90 நாள் கடன் என்றால் 150 நாள் பணம் முடங்குகிறது. 71.5-க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் மூலதனச் செலவு என்று தோராயமாகப் போட்டால் ஏறத்தாழ 3.5 வருகிறது. முழு அடக்கவிலையில் நாம் கண்ட இலாபமும் 3.5 தான். சொந்த நாட்டில் 45 நாளில் பணத்தைப் பார்த்துப் பழகிய நிறுவனத்தின் கணக்கு முறையில் இந்த வரிக்கு இடம் இருக்காது. வெளிநாட்டுக் கணக்கில் இது இல்லாவிட்டால் வளர வளர ரொக்கம் ஏன் வற்றுகிறது என்று யாருக்கும் புரியாது. செயல்பாடு வாரியாக அடக்கவிலை காணும் முறையைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படுகிறது. முதலிரண்டு ஆண்டுகளுக்கு அதன் முழு வடிவம் தேவையற்ற சுமை. சிறு ஆர்டர்கள், திரும்பி வரும் சரக்கு, மொழிபெயர்த்த சீட்டு ஒட்டுதல் ஆகிய மூன்றின் செலவை மட்டும் அந்த வழியில் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி உண்மை வெளியே வந்துவிடும்.

எதை வைத்து அளப்பது, யாரிடம் அறிக்கை போவது

புதிய சந்தையை முதலீட்டின் மீதான வருவாய் விகிதத்தில் முதல் ஆண்டே அளப்பது விதைத்த மறுநாளே தோண்டிப் பார்ப்பது. அந்த விகிதத்தைக் காப்பாற்ற மேலாளர் கிடங்கில் சரக்கைக் குறைப்பார், விளம்பரத்தை நிறுத்துவார். விகிதம் உயரும், சந்தை போகும். மூலதனச் செலவைக் கழித்து மிஞ்சும் இலாபத்தை எண்ணாகவே காட்டுவது சற்று மேல். அதற்கும் முன், நுழைவுக் கட்டத்துக்கென்று மூன்று நான்கு படிக்கற்களை வைத்து, அவற்றுக்கு ஒதுக்கிய பணத்தை வழக்கமான செலவோடு கலக்காமல் தனியாகக் காட்டுவது இன்னும் மேல். எத்தனை கடைகளில் பொருள் இருக்கிறது, மறுபடி ஆர்டர் கொடுத்தவை எத்தனை, ஒரு கடையைப் பிடிக்க ஆன செலவு எத்தனை மாதப் பங்களிப்பில் மீள்கிறது ஆகிய எண்கள் இலாபத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே சேதி சொல்பவை.

ஆண்டு பட்ஜெட்டா, காலாண்டுக்கு ஒருமுறை நகர்த்தும் முன்கணிப்பா என்ற விவாதத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. தெரியாத சந்தைக்குப் பதின்மூன்று மாதம் முன்னதாகப் போட்ட பட்ஜெட், யாரும் பொய் சொல்லாமலேயே பொய்யாகிவிடும். ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கி 1970-களிலேயே ஆண்டு பட்ஜெட்டைக் கைவிட்டு, கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நடத்திக் காட்டியது. ஒரே நாட்டில் நுழைந்திருப்பவருக்கு ஒப்பிட வேறு கிளை இல்லை என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நகரும் முன்கணிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மென்பொருளை விடவும் முறைகளை விடவும் அதிகப் பயன் தரும், ஆனால் ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறாத தெரிவு ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுப் பிரிவின் கணக்குப் பொறுப்பாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? நாட்டு மேலாளருக்கு என்றால், கெட்ட சேதி மெதுவாக வரும். தலைமையக நிதித் துறைக்கு என்றால், அங்குள்ளவர்கள் அவரை ஒற்றராகப் பார்த்து எதையும் சொல்லாமல் விடுவார்கள். அன்றாட வேலையில் நாட்டு மேலாளருக்கும், எண்களின் உண்மைக்கும் பதவி உயர்வுக்கும் தலைமையகத்துக்கும் என்று பிரித்துவைப்பதே பெரும்பாலும் நடக்கிறது. அப்படிப் பிரித்தாலும் ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மாதம் முடிந்த ஐந்தாம் வேலை நாளில், அறிக்கை தலைமையகத்துக்குப் போவதற்கு ஒரு நாள் முன்பு, கணக்குப் பொறுப்பாளரும் நாட்டு மேலாளரும் ஒன்றாக உட்கார்ந்து, முடிவை மேலே சொன்ன நான்காகப் பிரித்த ஒற்றைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மேலாளர் தன் கையால் ஒரு காரணம் எழுத வேண்டும். உழைப்பால் வந்த வரியை 'நாணயம்' என்று எழுதிவிட அவரால் முடியாது, ஏனென்றால் நாணயத்துக்கென்று தனி வரி பக்கத்திலேயே இருக்கிறது.